சீதனம் என்றொரு ஃபோல்டர்

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். வீடு பெண்ணுடையது. உம்மாவும் வாப்பாவும் அவளுக்கென்று கட்டி, கட்டில் அலுமாரியிலிருந்து குசினிச் சட்டிபானை வரை வாங்கி வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து இறங்கினால் போதும், மறுநாள் காலையில் தேத்தண்ணி தயார். நானும் அப்படி நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனைக்கு ஒரு பையோடு வந்தவன்தான். இன்றுவரைக்கும் என் பேரில் ஒரு கூரைத் தகரம்கூடக் கிடையாது. வீட்டில் சண்டை வந்தால் வெளியே போகவேண்டியவன் நான் என்பதால் அங்கே அதிகம் சண்டை பிடிப்பதில்லை. கோபத்தையெல்லாம் ஒபிசுக்குக் கொண்டுபோய்விடுவேன்.

ஒபிஸ் என்றால் பிரதான வீதியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடி. கொழும்பில் ஒரு கம்பனியில் சில வருடங்கள் ஜாவாவில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். சுனாமிக்குப் பிறகு அங்கே மனம் நிற்கவில்லை. ஊருக்கு வந்து, பழைய கொம்பியூட்டர் சிலதை வைத்துக்கொண்டு இதைத் தொடங்கினேன். நாங்கள் செய்தது பெரிய நிறுவனங்களுக்கான வேலை. பல பேர் பல ஊர்களில் இருந்து ஒரே நேரத்தில் பாவிக்கும் மென்பொருள். நடுவில் ஒரு சேர்வர், பின்னால் ஒரு டேட்டாபேஸ், முன்னால் திரைகள். இதில் முடிப்பதைவிடத் தொடங்குவதுதான் கஷ்டம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

புதிதாக வரும் பிள்ளைகள் கம்பஸ் முடித்தோ டிப்ளோமா முடித்தோ வருவார்கள். ஜாவாவில் ஒரு சின்னக் கணக்குப் போடச் சொன்னால் அழகாகப் போடுவார்கள். இப்படிப்பட்ட ப்ரொஜெக்ட் ஒன்றுக்குள் இறக்கிவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். சேர்வரை மெஷினில் ஏற்ற வேண்டும். அது ஜாவாவைக் கண்டுபிடிக்க வேண்டும். டேட்டாபேஸின் கடவுச்சொல் சரியாக இருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் செட்டிங் ஃபைல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எங்காவது ஒரு எழுத்துத் தவறினால் திரை முழுக்கச் சிவப்பு. இது போதாதென்று, மற்றவர்கள் எழுதிவைத்த துண்டுகளையெல்லாம் இன்டர்நெட்டில் இருந்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எங்களுக்கு இருந்ததோ டெலிபோன் லைனில் வந்த இன்டர்நெட். பாதி இறங்கும்போது கீழே கடை முதலாளி ரிசீவரைத் தூக்குவார், எல்லாம் அறுந்துவிடும். நான் படிக்கட்டில் நின்று கத்துவேன். அவர் மேலே பார்த்து, கல்யாண ஓடர் ஒன்று கதைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்பார்.

அந்தக் காலத்தில் வந்த ஒரு பையன் இதோடு ஒரு கிழமைக்கு மேல் மல்லுக்கட்டினான். ஒருநாள் பகல் சாப்பாட்டுக்கென்று இறங்கிப் போனவன் திரும்பி வரவில்லை. பிறகு கட்டாரில் ஒரு கடையில் நிற்கிறான் என்று கேள்விப்பட்டேன். கெட்டிக்காரப் பையன். தன் கையால் எழுதிய ஒரு வரி ஓடுவதை எங்கள் ஒபிசில் அவன் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. ஒரு ஆள் வேலைக்கு வந்தால், வந்த அன்றைக்கே, பள்ளியில் பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்ல முன்னம், எதையாவது ஓடவைத்துக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கொழும்புக்குப் போய், பழைய கூட்டாளி ஒருவரின் ஒபிசில் உட்கார்ந்து, தேவையான துண்டுகள் அத்தனையையும் இறக்கி டிவிடிகளில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். ஒரு சிப்பாய் என் பையிலிருந்த டிவிடியை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்து, என்ன படம் என்று சிங்களத்தில் கேட்டான். படம் இல்லை, கொம்பியூட்டர் சாமான் என்றேன். அவன் முகம் சுருங்கிப் போனது. ஒரு நல்ல படமாவது கொண்டுவந்திருக்கலாமே என்று எனக்கே தோன்றியது.

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் அடுக்கினேன். அதை மெஷினில் கொப்பி பண்ணி ஒரு கட்டளை அடித்தால் போதும். சேர்வர் எழும்பும், டேட்டாபேஸ் தானாக உருவாகும், உள்நுழையும் பக்கம் வரும், அதற்குப் பின்னால் ஒரு உதாரணம் இருக்கும். உதாரணத்துக்கு நான் எடுத்தது வீடு. அந்த வருடங்களில் எங்கே போனாலும் வீட்டுக் கதைதான். யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, யாருடைய புது வீடு மழைக்கு ஒழுகுகிறது என்று. ஆகவே வீட்டு இலக்கத்தை அடித்து, குடும்பத்தின் ஆட்களில் இருந்து யாருடைய வீடு என்பதைத் தெரிவுசெய்து, பதியும் ஒரு திரை. திரையிலிருந்து டேட்டாபேஸ் வரை ஒரு நூல் ஓடுவதை அதில் பார்த்துவிடலாம். பார்த்து, அதையே கொப்பி பண்ணி, வீடு இருந்த இடத்தில் நெல்மூட்டையையோ பாடசாலைப் பிள்ளையையோ போட்டுத் தன் வேலையைத் தொடங்கலாம்.

பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வந்த, நான் தம்பி என்று கூப்பிடும் தமிழ் இளைஞர்தான் அதை முதலில் ஓட்டிப் பார்த்தவர். தேத்தண்ணி ஆற முன்னம் திரை வந்துவிட்டது. கட்டில் அலுமாரியோட வீடு தந்திருக்கிறீங்க, இது சீதனம்தான் சேர் என்று சிரித்தார். அன்றோடு அந்த ஃபோல்டருக்குப் பெயர் சீதனம். புதிதாக வருகிறவர்களுக்குப் பெயர் மாப்பிள்ளை.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெண் மாப்பிள்ளை ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை. கொம்பியூட்டர் டிப்ளோமா படித்திருந்தாள். நல்ல பெறுபேறு. கொழும்புக்குப் போனால் இதைவிட நல்ல வேலை கிடைக்குமே, ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள்.

"எங்கட ஊடு சுனாமில போச்சி சேர். அது உம்மாட ஊடு. அதுக்குப் பதிலா இப்ப கட்டுற ஊட்டு லிஸ்ட்டுல வாப்பாட பேர் இரிக்கி. வாப்பா எங்களோட இல்ல. சம்மாந்துறையில இன்னொரு கலியாணம் முடிச்சி அங்க இரிக்காரு. உம்மாட பேருக்கு அது வாற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டன்."

அவளும் உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் அப்போது தகரக் கொட்டிலில் இருந்தார்கள். வெயில் ஏறினால் உள்ளே நிற்க முடியாது. பேரை மாற்றுவதென்றால் லிஸ்ட்டில் உள்ளவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். உம்மாவோ, அந்த மனுசனிடம் போய்க் கேட்டு நிற்க மாட்டேன் என்று ஒரே பிடி. அவளும் வாப்பாவோடு கதைப்பதை விட்டு வருடக்கணக்காகிவிட்டது. வீடு அவர் கைக்குப் போனால் சம்மாந்துறைக் குடும்பத்தைக் கொண்டுவந்து குடிவைப்பார் என்று அவள் நினைத்தாள். வைக்காவிட்டாலும் விற்றுவிடுவார் என்றாள்.

முதல் நாள் சீதனத்தைக் கொடுத்தேன். லுஹர் பாங்குக்கு நிறைய நேரம் இருக்கும்போதே வீட்டுத் திரை அவள் முன்னால் வந்துவிட்டது. சோதனைக்காகத் தன் குடும்பத்தை அடித்து, யாருடைய வீடு என்ற இடத்தில் அவள் தெரிவுசெய்தது உம்மாவின் பெயரை. பதிந்தது என்று செய்தி வந்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காணாத மாதிரி அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

சில மாதங்களில் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. வெளிநாட்டு உதவியில் வீடு கட்டும் ஒரு நிறுவனம், எந்த வீடு எந்தக் குடும்பத்துக்கு என்று பதிந்து சான்றிதழ் அச்சடிக்க மென்பொருள் கேட்டது. அந்தப் பிள்ளையின் வீடும் அவர்களுடைய திட்டத்தில்தான் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் ஒப்புக்கொண்டேன். அவளிடமும் சொன்னேன், உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் வேறு வேலை தருகிறேன் என்று. வேண்டாம் என்றாள். பழைய லிஸ்ட் எங்கள் டேட்டாபேஸுக்குள் வந்து சேர்ந்த நாளில் அவளுடைய வாப்பாவின் பெயரும் வந்து சேர்ந்தது. ஒரு வரி எழுதினால் அதை மாற்றிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. அவள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஒரு வரிதான் சேர். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா எழுத மாட்டன். களவுல வந்த ஊட்டுல உம்மா தொழ மாட்டா."

அன்றைக்கு முழுக்க நான் யாருக்கும் ஏசவில்லை என்று தம்பி பிறகு சொல்லிக் காட்டினார்.

வேலை ஒரு நிலைக்கு வந்ததும் கொழும்பிலிருந்து அந்த நிறுவனத்து மேடம் பார்க்க வந்தார். தமிழ் நன்றாக விளங்கும், கதைப்பது பாதி ஆங்கிலம். திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தவர், வீட்டுத் திரையில் நின்றுவிட்டார். இதில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது என்றார். நாங்கள் மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். எங்களுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. திரும்பவும் செய்து காட்டினார். அப்போதும் தெரியவில்லை. கடைசியில் அவரே, ஆண்களின் பெயர் ஒன்றும் பட்டியலில் வரவில்லையே என்றார்.

தம்பி ஆறுதலாக, "அது வராதுதான் மேடம். வீடெண்டா அம்மாடதானே," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீதனத்தில் அந்த உதாரணத்தை எழுதும்போது, யாருடைய வீடு என்ற பட்டியலுக்குக் குடும்பத்தின் பெண்களை மட்டும் எடுத்திருக்கிறேன். அப்படி ஒரு முடிவு எடுத்த ஞாபகமே எனக்கு இல்லை. கை எழுதியிருக்கிறது. தம்பி அதைக் கொப்பி பண்ணினார், அந்தப் பிள்ளை கொப்பி பண்ணினாள், அதுவே வளர்ந்து இந்தத் திரையாக வந்து நிற்கிறது. தம்பி கோயிலுக்குப் போகிறவர், நாங்கள் பள்ளிக்குப் போகிறவர்கள், ஆனால் மகளுக்கு வீடு என்பதில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே வழக்கம். ஆகவே ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் கொடுத்த உதாரணத்தில் எது ஜாவா, எது கல்முனை என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை, எனக்கும்தான். புதிய ஆளுக்கு முதல் நாள் கையில் கொடுப்பது எவ்வளவு பாரமான காரியம் என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். ஓடுகிற ஒன்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மேடம் தன் பக்கத்தைச் சொன்னார். நிறுவனத்தின் விதிப்படி வீடு குடும்பத் தலைவரின் பெயரில். தலைவர் என்றால் கணவன். நாடு முழுக்க அப்படித்தான், லிஸ்ட்டும் அப்படித்தான் எடுக்கப்பட்டது. எனக்குக் குரல் ஏறிவிட்டது. இந்த ஊர் ஆம்பிளைகளில் முக்கால்வாசிப் பேர் மனைவி வீட்டில் இருப்பவர்கள், நான் உட்பட, கடலுக்குள் போனது பெண்களின் வீடு, திருப்பித் தரும்போது மட்டும் அது எப்படி ஆம்பிளைக்குப் போகும் என்று கேட்டேன். மேடமும் விடவில்லை. கணவன்மார் பேரை மென்பொருளே ஒளித்துவைத்தால் அது மட்டும் நியாயமா என்றார். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தாள். தன் வீட்டுக் கதையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"நீங்களாவும் ஒரு பேர எழுதாதீங்க மேடம், நாங்களாவும் எழுதாம விடுறம். பொஞ்சாதி புருசன் ரெண்டு பேரையும் ஒண்டா வெச்சி, யார்ட பேர்ல எண்டு கேளுங்க. அவங்க சொல்றத எழுதுவம்."

மேடம் கொழும்புக்குப் போய், மேலிடத்தோடு கதைத்து, கொஞ்ச நாளில் சம்மதம் அனுப்பினார். பட்டியலில் எல்லோரும் வர வேண்டும், முன்கூட்டியே யாரும் தெரிவாகி இருக்கக் கூடாது, இருவரும் உயிரோடு இருந்தால் இருவரும் நேரில் வர வேண்டும். எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோசம். தம்பி கீழே போய் வடை வாங்கி வந்தார். அவள் மட்டும் வடையைத் தொடவில்லை. தன் வாயால் கேட்டு வாங்கிய விதிப்படி வாப்பா வந்தால்தான் தன் உம்மாவுக்கு வீடு என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

முதல் பதிவை அந்தப் பிள்ளையின் வீடு இருந்த திட்டத்திலேயே வைத்தார்கள். போர் முடிந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. வான் வண்டியில் போகும்போது சாவடியில் எங்களை இறக்கவில்லை. பழக்க தோசத்தில் நான் கதவைத் திறக்கப் போனேன், தம்பி கையைப் பிடித்து இழுத்தார். வயலை நிரப்பிக் கட்டிய இடம், வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. பொது மண்டபத்தில் லேப்டொப்பையும் பிரிண்டரையும் வைத்து, கிராம சேவகர் பெயர் கூப்பிட, குடும்பங்கள் வந்து போயின. திரையில் எழுதியிருந்ததை அந்தப் பிள்ளை வாசிப்பாள், அவர்கள் சொல்வதைப் பதிவாள். பெரும்பாலான கணவன்மார் கேள்வி முடிய முன்னமே மனைவியைக் கைகாட்டினார்கள். ஒரு சிலர் இருவர் பேரிலும் போடச் சொன்னார்கள். ஒருவர் தன் பேரில்தான் வேண்டும் என்று நின்று, மாமியார் வெளியே இருந்து போட்ட சத்தத்தில் மாற்றிக்கொண்டார்.

அவளுடைய குடும்பத்தின் முறை வரப்போவதைக் கண்டு, எழும்புங்க, தம்பி இருக்கட்டும் என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். உம்மா வந்து கதவோரமாக நின்றா, முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகம் வெளியே பார்த்தபடி. கிராம சேவகர் அனுப்பிய கடிதத்துக்கு வாப்பா வருவாரா என்று எங்களுக்கு நிச்சயமில்லை. வந்தார். வெயிலில் கறுத்த மெலிந்த மனுசன், தோளில் ஒரு துணிப்பை. மேசைக்குக் கிட்ட வந்த பிறகுதான் உட்கார்ந்திருப்பது மகள் என்று கண்டார். அவள் நிமிரவில்லை. அறியாத ஆளுக்கு வாசிப்பதுபோல் திரையைப் பார்த்து வாசித்தாள்.

"இந்த வீடு யாருடைய பேரில் எழுதப்பட வேண்டும்?"

அவர் மகளைப் பார்த்தார், கதவோரம் நின்ற உம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ அகௌரவமானதை நாங்கள் கேட்டுவிட்ட மாதிரி அவர் முகம் இருந்தது.

"இதக் கேக்கவா என்னக் கூப்பிட்ட? ஊடு உம்மாடதானே மகள். ஆம்புளைக்கு எங்க ஊடு இரிக்கி?"

அவள் உம்மாவின் பெயரைத் தெரிவுசெய்து பதிந்தாள். பிரிண்டர் சத்தம் போட்டது. காட்டிய இடத்தில் அவர் கையெழுத்து வைத்தார். வீட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கிராம சேவகர் சொன்னதற்கு, சம்மாந்துறை பஸ் போய்விடும் என்றார். உம்மாவைக் கடக்கும்போது ஒரு சலாம் சொன்னார். உம்மா பதில் சலாம் சொன்னது எனக்குக் கேட்டது. பையைத் தோளில் சரிசெய்துகொண்டு றோட்டைப் பார்த்து நடந்துவிட்டார். உம்மா சான்றிதழை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதா. மகள் அடுத்த குடும்பத்தைக் கூப்பிடச் சொன்னாள்.

திரும்பி வரும்போது வானில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். அல்ஹம்துலில்லாஹ், கிடைச்சிட்டுதே என்றேன். ஓம் என்றாள். காரைதீவு கடந்த பிறகு அவளாகவே கதைத்தாள்.

"தரமாட்டாரெண்டு நெனச்சி இவ்வளவு காலமும் சண்டைக்கு ஆயத்தமா இருந்தன் சேர். அவருக்கு அது ஒரு விசயமே இல்ல. அது அவர்ட ஊடு இல்ல எண்டு அவருக்கு எப்பவும் தெரியும். அதாலதான் உட்டுப்போட்டுப் போகவும் லேசா இருந்திரிக்கி."

நானும் ஒரு பையோடு வந்தவன். வீட்டுக்குப் போனதும் மனைவி கதவைத் திறந்து, ஏன் முகம் ஒரு மாதிரி என்று கேட்டாள். வழக்கமாகச் சொல்கிற ‘ஒன்றும் இல்லை’யைச் சொல்லாமல் முழுக் கதையையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, அந்த மனுசன் சாப்பிட்டுவிட்டாவது போனாரா என்றாள். இல்லை என்றேன்.

அடுத்த கிழமை இன்னொரு மாப்பிள்ளை வேலைக்கு வர இருந்தார். அதற்கு முன்னம் சீதனத்தைத் திருத்தித் தருகிறேன் என்று அந்தப் பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டாள். பெண்கள் மட்டும் வரும் பட்டியலை எடுத்தாள். வீடு யாருடைய பேரில் என்பதற்கு ஒரு இடம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு இன்னொரு இடம். சோதனைக்குத் தன் குடும்பத்தையே அடித்தாள். பேர், உம்மா. இருப்பவர்கள், உம்மா, அவள், தங்கச்சிமார். எல்லாம் சரியாக ஓடியது. நான் நல்லது என்று திரும்பப் போகும்போது மெதுவாகக் கூப்பிட்டாள்.

"சேர், இதுல வாப்பாவ எங்க போடுற?"

குனிந்து திரையைப் பார்த்தேன். இரண்டு இடம்தான் இருந்தது. இரண்டிலும் அவருக்கு இடமில்லை.

"இப்போதைக்கு விடு மகள்," என்றேன்.

அவள் பதிந்தாள். பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது.